ஆத்தங்குடிக் கல்லுக்கு ஒரு வலைத்தளம்: நான் எங்கிருந்து தொடங்குவேன்

ஆத்தங்குடியில் அப்பா காலத்திலிருந்து டைல்ஸ் பட்டறை நடத்தும் ஒருவர் கேட்டிருக்கிறார். வெளியூர்க் கம்பெனி ஒன்று, 30 நாளில் கூகுளில் முதலிடம் வாங்கித் தருகிறோம் என்று 45,000 ரூபாய் கேட்கிறதாம். பாதியை உடனே கட்ட வேண்டுமாம். மகள் வேண்டாம் என்கிறாளாம். "உங்களை மாதிரித் தனியாக, வலைத்தளம் கட்டி அதைக் கூகுள் தேடலில் மேலே கொண்டுவருகிற வேலை செய்கிறவர்கள் என்னதான் செய்வீர்கள், எதற்குக் காசு, எத்தனை நாளாகும்?" என்பது கேள்வி.

அண்ணே, மகள் சொல்வதைக் கேளுங்கள். முதலிடத்துக்கு யாராலும் உத்தரவாதம் தர முடியாது என்று கூகுளே தன் உதவிப் பக்கத்தில் எழுதி வைத்திருக்கிறது. திருத்தங்களைச் செய்து அதன் பலனைப் பார்க்கப் பெரும்பாலும் நாலு மாதத்திலிருந்து ஒரு வருடம் வரை ஆகும் என்பதும் கூகுள் தரப்பில் சொன்ன கணக்குதான். 30 நாளில் முதலிடம் என்பதில் ஒரு சின்னத் தந்திரம் இருக்கிறது. உங்கள் பட்டறைப் பெயரை, உங்கள் பட்டறையில் உட்கார்ந்து, உங்கள் போனிலேயே தேடினால் நீங்கள்தான் முதலில் வருவீர்கள். ஊர்பேர் போட்டு வேறு எவரும் தேடாத நீண்ட வாசகம் ஒன்றைத் தேடினாலும் அப்படித்தான். அதைப் படமெடுத்துக் காட்டி மீதிப் பாதியையும் வாங்கிக்கொண்டு போய்விடுவார்கள். பெங்களூரில் வீடு கட்டுகிற ஒருவர், உங்கள் பெயரே தெரியாமல் தேடும்போது வருகிறீர்களா என்பதுதான் விஷயம்.

நான் காரைக்குடியில் இருந்துகொண்டு பதினொரு வருடமாக இதைச் செய்கிறேன். ஆபீஸ் கிடையாது, ஆள் கிடையாது. படம் எடுக்க மட்டும் ஒரு தம்பியைக் கூப்பிட்டுக்கொள்வேன்.

முதல் வேலை கம்ப்யூட்டரில் இல்லை. பட்டறையில் அரை நாள் உட்காருவேன். வருகிற போனையெல்லாம் ஸ்பீக்கரில் போட்டுப் பேசச் சொல்வேன். வாட்ஸ்அப்பில் கடைசி ஆறு மாதப் பேச்சைப் படிப்பேன். யார், எந்த ஊரிலிருந்து, என்ன வார்த்தையில் கேட்கிறார்கள் என்று நோட்டில் குறித்துக்கொள்வேன். போன வருடம் இன்னொரு டைல்ஸ் பட்டறைக்காக எழுதிய நோட்டு இன்னும் என்னிடம் இருக்கிறது. சதுர அடி என்ன விலை? 8 அங்குலக் கல் என்றால் 100 சதுர அடிக்கு எத்தனை வேண்டும்? (225 கல்; வெட்டுக்கும் உடைசலுக்கும் கொஞ்சம் கூட.) லாரியில் அனுப்பினால் உடையாதா, உடைந்தால் யார் பொறுப்பு? பாத்ரூமில் போடலாமா? மொட்டை மாடியில் வெயிலுக்கு நிறம் போகுமா? எங்கள் ஊர்க் கொத்தனாருக்குப் பதிக்கத் தெரியவில்லை, ஆள் அனுப்புவீர்களா? ஆசிட் ஊற்றிக் கழுவலாமா? இந்தக் கடைசிக் கேள்வியைக் கேட்டதும் அந்த முதலாளி தலையில் கைவைத்துக்கொண்டார். சூளையில் சுடாத சிமெண்ட் கல். ஆசிட் பட்டால் மேல்நிறம் அரித்துப்போகும். வருடத்துக்கு நாலு பேராவது கழுவி முடித்த பிறகு அழுகிற குரலில் போன் செய்வார்களாம்.

அந்த நோட்டைத்தான் நான் வலைத்தளமாக மாற்றுகிறேன். பெரும்பாலான கடைத் தளங்களில் முதல் பக்கத்தில் "எங்களைப் பற்றி", "எங்கள் தரம்", "எங்கள் நோக்கம்" என்று இருக்கும். வாடிக்கையாளர் ஒருவர்கூட உங்களுக்குப் போன் செய்து உங்கள் நோக்கம் என்ன என்று கேட்டதில்லை. அவர் கேட்கிற ஒவ்வொரு கேள்விக்கும் நீங்கள் போனில் என்ன பதில் சொல்வீர்களோ அதை அப்படியே, விலையோடு, அளவோடு எழுதினால் பாதி வேலை முடிந்தது. விலையை எழுதத் தயங்குவீர்கள், தெரியும். பக்கத்துப் பட்டறைக்காரர் பார்ப்பாரே என்பீர்கள். அவருக்கு உங்கள் விலை ஏற்கெனவே தெரியும் அண்ணே. சரியான விலை வேண்டாம் என்றால் இவ்வளவிலிருந்து இவ்வளவு வரை என்றாவது எழுதுங்கள்.

அந்த நோட்டில் நான் எதிர்பார்க்காத ஒன்று கிடைத்தது. சிங்கப்பூரிலும் சென்னையிலும் இருந்துகொண்டு, தேவகோட்டையிலோ பள்ளத்தூரிலோ உள்ள பூர்வீக வீட்டைப் பழுது பார்க்கிறவர்கள் திரும்பத் திரும்ப ஒரே கேள்வியைக் கேட்டிருந்தார்கள். "வளவில் நாலு கல் உடைந்திருக்கிறது, அதே பூ, அதே நிறத்தில் செய்து தர முடியுமா?" இதற்கென்று ஒரு தனிப் பக்கம் போட்டோம். பழைய கல்லை எந்த வெளிச்சத்தில் படம் எடுத்து அனுப்ப வேண்டும், அளவை எப்படி எடுக்க வேண்டும், கண்ணாடி மேல் அச்சை வைத்து நிறக் கலவை ஊற்றுவது எப்படி, புதுக் கல் ஏன் முதலில் கொஞ்சம் வெளிறித் தெரியும், எண்ணெய் போட்டுத் துடைத்துப் புழங்கப் புழங்க எப்படிப் பளபளப்பு ஏறும் என்று எல்லாம். அந்தத் தளத்தில் இன்றுவரை அதிகம் பேர் வருகிற பக்கம் அதுதான். முதலாளிக்குச் சந்தோஷமா என்றால் இல்லை. நாலு கல்லுக்கு ஒரு அச்சு செய்தால் நஷ்டம் என்றார். அவர் சொன்னதும் நியாயம். குறைந்தது 50 கல் எடுக்க வேண்டும் என்று அந்தப் பக்கத்திலேயே ஒரு வரி சேர்த்தோம். கேட்கிறவர்கள் குறைந்தார்கள். வாங்குகிறவர்கள் குறையவில்லை.

அடுத்தது சொற்கள். நாம் ஆத்தங்குடிக் கல், பூக்கல் என்போம். பெங்களூர் ஆர்க்கிடெக்ட் 'ஹேண்ட்மேட் சிமெண்ட் டைல்ஸ்' என்று தேடுவார். மதுரைக்காரர் 'செட்டிநாடு டைல்ஸ் விலை' என்று தேடுவார், அதையும் ஆங்கில எழுத்தில் தமிழாக அடிப்பார். ஆத்தங்குடி என்பதையே ஆங்கிலத்தில் தொடக்கத்தில் ஒரு ஏ, இரண்டு ஏ, நடுவில் இரண்டு டி, ஒரு டி ஒரு ஹெச் என்று எத்தனையோ விதமாக எழுதுகிறார்கள். எல்லாவற்றுக்கும் தனிப் பக்கம் தேவையில்லை. எழுத்துப் பிழைகளைக் கூகுள் பெரும்பாலும் புரிந்துகொள்ளும். ஆனால் தலைப்பில் எந்த எழுத்துமுறையை வைப்பது என்பதை நான் மனம்போன போக்கில் முடிவு செய்வதில்லை. எது அதிகம் தேடப்படுகிறது என்று பார்த்து வைப்பேன். தமிழில் ஒரு பக்கம், ஆங்கிலத்தில் ஒரு பக்கம் என்று தனித்தனியாக எழுதுவேன். மொழிபெயர்ப்புக் கருவியில் போட்டு எடுத்த தமிழை வைத்தால் நம் ஊர் ஆச்சி ஒருத்தர் படித்துவிட்டுச் சிரிப்பார். பக்கத்தின் அடியில் வெள்ளை எழுத்தில் நூறு சொற்களை ஒளித்து வைப்பது, பக்கத்தின் உள்ளே கண்ணுக்குத் தெரியாத கீவேர்ட் டேக் என்ற ஒன்றில் ஊர்ப்பெயரையெல்லாம் அடுக்குவது இவையெல்லாம் பழைய வித்தை. அந்த டேகைத் தரவரிசைக்கு எடுத்துக்கொள்வதில்லை என்று கூகுள் 2009லேயே சொல்லிவிட்டது. அதை நிரப்புவதற்குத் தனியாகக் காசு வாங்குகிறவர்களை இன்றும் பார்க்கிறேன்.

இப்போது, தளத்தின் சாவி யார் கையில் என்ற விஷயம். இதைத்தான் நீங்கள் கவனமாகப் படிக்க வேண்டும்.

பர்மாவிலும் மலாயாவிலும் கொண்டுவிற்கப் போன காலத்தில் நகரத்தார் கடைகளுக்கு விலாசம் என்று ஒன்று உண்டு. அது முகவரி அல்ல, கடையின் பெயரெழுத்து. கடையின் மதிப்பே அந்த விலாசத்தில்தான் இருந்தது. டொமைன் பெயர், அதாவது உங்கள் தளத்தைத் திறக்க அடிக்கிற பெயர், அந்த மாதிரி. எந்த முதலாளியும் தன் விலாசத்தை ஏஜெண்டின் பெயரில் எழுதி வைத்திருக்க மாட்டார். இன்றைக்கு நம்மில் பலர் அதைத்தான் செய்கிறோம். பலகாரம் செய்து வெளியூருக்கு அனுப்பும் ஒரு ஆச்சி என்னிடம் வந்தார். தேன்குழல், மனகோலம், சீப்புச் சீடை எல்லாம் நல்ல விற்பனை. தளம் செய்து கொடுத்தவர் டொமைனைத் தன் பெயரில், தன் இமெயிலில் பதிவு செய்திருந்தார். வருடாந்திரப் பணம் கட்டுகிற நேரத்தில் அவர் போனையே எடுக்கவில்லை. பெயர் காலாவதியாகி வேறு யாரோ எடுத்துவிட்டார்கள். அட்டைப்பெட்டி, பை, விசிட்டிங் கார்டு எல்லாவற்றிலும் அந்தப் பெயர்தான் அச்சடித்திருந்தது. புதுப் பெயரில் தொடங்கி, பழைய இடத்துக்கு வர ஒரு வருடத்துக்கு மேல் ஆனது.

அதனால் டொமைனை உங்கள் இமெயிலில், உங்கள் போன் நம்பரில், உங்கள் கார்டில் நீங்களே வாங்க வேண்டும். நான் பக்கத்தில் உட்கார்ந்து சொல்லித் தருவேன். வருடத்துக்குச் சுமார் ஆயிரம் ரூபாய் சமாச்சாரம். ஹோஸ்டிங் (தளத்தை வைக்கிற வாடகை இடம்), கூகுள் மேப் கணக்கு, சர்ச் கன்சோல் (தேடல் கணக்கு காட்டும் கூகுள் கருவி) எல்லாமே உங்கள் பெயரில் இருக்கும். எனக்கு உள்ளே வர அனுமதி மட்டும் கொடுப்பீர்கள், வேண்டாதபோது எடுத்துவிடுவீர்கள். இதற்கு ஒப்பாதவர் யாராக இருந்தாலும், நானாக இருந்தாலும், வேலை கொடுக்காதீர்கள். இலவசத்தை நம்பியும் இருக்கக் கூடாது. மேப் கணக்கோடு கூகுள் ஒரு சின்னத் தளம் இலவசமாகக் கொடுத்துக்கொண்டிருந்தது. 2024 மார்ச்சில் அதை மூடிவிட்டார்கள். அதை மட்டும் வைத்திருந்த கடைகளுக்குப் போஸ்டரில் இருந்த முகவரி ஒன்றுமில்லாமல் போனது.

தளம் கட்டுவதைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. தளம் கட்டுகிற மென்பொருளான வேர்ட்பிரஸ் போதும். நாளைக்கு நான் இல்லையென்றாலும் காரைக்குடியிலோ மதுரையிலோ அதைத் தெரிந்த ஆள் கிடைப்பார். நான் அதை எடுப்பதற்கு அதுதான் பெரிய காரணம். முதல் பக்கத்தில் ஓடிக்கொண்டே இருக்கும் படவரிசை வேண்டும் என்பீர்கள், எல்லோரும் கேட்பார்கள். வேண்டாம் என்று சண்டை போடுவேன். போனில் எடுத்த ஒரு படம் 4, 5 எம்பி இருக்கும். அப்படிப் பத்துப் படத்தை ஏற்றினால், பஸ்ஸில் போய்க்கொண்டே பார்க்கிறவர் பக்கம் திறப்பதற்குள் அடுத்த கடைக்குப் போய்விடுவார். ஒவ்வொன்றையும் 200 கேபிக்குள் சுருக்கித்தான் போடுவேன். பக்கத்தின் முக்கியமான பகுதி 2.5 நொடிக்குள் தெரிய வேண்டும் என்பது கூகுள் வைத்திருக்கும் அளவு. உங்கள் பட்டறையில் இரவு வைஃபையில் பார்த்துவிட்டு வேகம் என்று சொல்லக் கூடாது. சாதாரண போனில், சாதாரண சிக்னலில் பார்க்க வேண்டும். கூகுளும் இப்போது தளங்களை மொபைல் கண்ணால்தான் படிக்கிறது.

படங்களைப் பொறுத்தவரை, உங்கள் கண்ணாடித் தட்டு, உங்கள் அச்சு, நிறம் ஊற்றுகிற அந்தக் கை, தண்ணீர்த் தொட்டியில் ஊறுகிற கல், இவை வேண்டும். இன்டர்நெட்டில் எடுத்த அரண்மனைப் படம் வேண்டாம். பெரிய வீட்டுப் படத்தைப் போட்டு நாங்கள் செய்த தரை என்று சொல்கிற தளங்களை எண்ணினால், அந்த வீட்டுக்கு இந்தச் சுற்றுவட்டாரமே சேர்ந்து கல் போட்டிருக்க வேண்டும்.

என் தப்பு ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். வேர்ட்பிரஸில், தேடுபொறிகள் இந்தத் தளத்தைப் பார்க்க வேண்டாம் என்று ஒரு சின்னக் கட்டம் உண்டு. தளம் தயாராகும் வரை அதில் டிக் போட்டு வைப்போம், திறக்கும் அன்று எடுத்துவிட வேண்டும். நான் ஆறாவது வருடம், தொழில் தெரியும் என்ற மிதப்பில் இருந்தபோது, தங்கும் விடுதி ஒன்றின் தளத்தில் அதை எடுக்க மறந்தேன். மூன்று வாரம் ஒன்றுமே வரவில்லை. விடுதிக்காரர் பொறுமைசாலி, "கூகுளுக்கு நம் ஊர் தெரியாது போல" என்றார். கட்டத்தைப் பார்த்த அன்று ராத்திரி எனக்குத் தூக்கமில்லை. அந்த மாதத்துக்குக் காசு வாங்கவில்லை. இப்போது தளம் திறக்கும் அன்று பார்க்க வேண்டியதெல்லாம் ஒரு தாளில் எழுதிச் சுவரில் ஒட்டியிருக்கிறேன், முதல் வரி அந்தக் கட்டம். இரண்டாவது வரி, பழைய தளம் இருந்திருந்தால் அதன் ஒவ்வொரு பழைய முகவரியையும் புதிய முகவரிக்கு நிரந்தரமாகத் திருப்பிவிட்டோமா என்பது. இதைச் செய்யாமல் தளத்தைப் புதுப்பித்து, இருந்த இடத்தையும் தொலைத்தவர்கள் நிறைய.

கூகுள் மேப் உங்களுக்குத் தளத்தைவிட முதலில் பலன் தரும். ஆத்தங்குடி பெரிய வீட்டைப் பார்க்கவும் பிள்ளையார்பட்டிக்கும் வருகிறவர்கள் காரில் இருந்தபடியே பக்கத்தில் எங்கே டைல்ஸ் செய்வதைப் பார்க்கலாம் என்று தேடுகிறார்கள். மேப்பில் யார் மேலே வருவது என்பதற்குக் கூகுள் சொல்லும் காரணம் மூன்று: கேட்டதற்குப் பொருத்தமா, எவ்வளவு தூரம், எவ்வளவு பேர் அறிந்த கடை. தூரத்தை நாம் மாற்ற முடியாது. அதனால்தான் சென்னையில் தேடுகிறவருக்கு மேப்பில் உங்களைக் காட்டுகிறேன் என்று நான் சொல்ல மாட்டேன். அவருக்கு உங்கள் தளம்தான் போய்ச் சேர வேண்டும். மற்ற இரண்டுக்கும் வேலை செய்யலாம். மேப்பில் உங்கள் இடத்தைக் காட்டும் குறி சரியாகப் பட்டறை வாசலில் விழுகிறதா என்று பாருங்கள். ஊருக்குள் தெருக்கள் ஒன்றுபோல இருப்பதால் பல கடைகளின் குறி பக்கத்துத் தெருவில் கிடக்கிறது. பெயரும் போன் நம்பரும் எல்லா இடத்திலும் ஒன்றாக இருக்கட்டும். கல் வாங்கிப் பதித்து முடித்தவரிடம் ஒரு மாதம் கழித்து, தரையைப் படமெடுத்து நாலு வரி எழுதச் சொல்லுங்கள். சொந்தக்காரப் பிள்ளைகளை விட்டு ஒரே நாளில் 40 ஐந்து நட்சத்திரம் போட வைக்காதீர்கள். அது விதிக்கு விரோதம், பார்க்கிறவருக்கும் தெரிந்துவிடும்.

பிறகு லிங்க், அதாவது வேறு தளத்திலிருந்து உங்கள் பக்கத்துக்கு வரும் சுட்டி. 1998ல் கூகுளைத் தொடங்கியவர்கள் கொண்டுவந்த யோசனையே இதுதான்: ஒரு பக்கத்தை யார் யார் சுட்டுகிறார்கள் என்பதை வைத்து அதன் மதிப்பை எடை போடுவது. பெண் பார்க்கப் போகும் முன் ஊரில் நாலு பேரிடம் விசாரிப்பதைப் போலத்தான். விசாரிக்கப்படுகிறவர் யார் என்பதற்கும் மதிப்பு உண்டு. 500 லிங்க் 3,000 ரூபாய் என்று விற்கிறார்கள். அது ரோட்டில் போகிறவனைக் காசு கொடுத்துச் சாட்சி சொல்ல வைப்பது. 2012லிருந்தே கூகுள் இதைப் பிடித்து இறக்க ஆரம்பித்துவிட்டது. உங்களுக்கு இருக்கும் நல்ல சாட்சிகளை நீங்கள் கேட்பதே இல்லை. உங்கள் கல்லைப் போட்ட ஹோட்டல்கள், ஆர்க்கிடெக்ட்கள் தங்கள் தளத்தில் அந்த வேலையின் படத்தைப் போட்டிருப்பார்கள். தரை எங்கே செய்தது என்று ஒரு வரி போட்டு நம் தளத்தைச் சுட்டச் சொல்லிக் கேட்க வேண்டும். பத்துப் பேரைக் கேட்டால் மூன்று பேர் செய்வார்கள். அந்த மூன்று போதும். இதே மாதிரி, ஊர்ப்பெயரை மட்டும் மாற்றி மதுரைக்கு ஒன்று, கோவைக்கு ஒன்று, திருச்சிக்கு ஒன்று என்று ஒரே பக்கத்தை 30 தடவை போடுகிற வேலையையும் நான் செய்வதில்லை. அதையும் கூகுள் ஏமாற்று வேலை என்றுதான் வைத்திருக்கிறது.

மாதா மாதம் என்ன செய்வேன் என்றால், ஐந்தொகை எடுப்பேன், அதாவது கடைக் கணக்கைப் போலத் தளத்தின் கணக்கைப் பார்ப்பேன். சர்ச் கன்சோல் என்ற இலவசக் கருவியில், எந்தச் சொல்லுக்கு உங்கள் பக்கம் எத்தனை முறை கண்ணில் பட்டது, எத்தனை பேர் உள்ளே வந்தார்கள், சராசரியாக எத்தனையாவது இடம் என்று இருக்கும். 16 மாதக் கணக்குதான் அதில் நிற்கும், அதனால் மாதா மாதம் எடுத்து வைத்துக்கொள்வேன். நான் முதலில் பார்ப்பது எட்டாவது இடத்திலிருந்து இருபதாவது இடம் வரை கிடக்கும் சொற்களை. அவைதான் கொஞ்சம் தள்ளினால் மேலே வரும். அந்தப் பக்கத்தில் என்ன குறைகிறது என்று பார்த்து, உங்களிடம் போன் செய்து கேட்டு, இரண்டு பத்தி சேர்ப்பேன். இன்னொரு பக்கம் நீங்கள் ஒரு கணக்கு வைக்க வேண்டும்: போன் செய்கிறவரிடம் எங்களை எப்படித் தெரியும் என்று கேட்டு ஒரு கோடு போடுவது. வந்தவர் எண்ணிக்கை இரண்டு மடங்கு ஆகி, போன் ஏறவில்லை என்றால் நான் ஏதோ தப்பான சொல்லைத் துரத்துகிறேன் என்று அர்த்தம்.

2024ல் வந்த ஏஐ பதில்கள் இந்தக் கணக்கைக் கொஞ்சம் குழப்பியிருக்கின்றன. சிமெண்ட் கல்லை எப்படித் துடைப்பது என்று கேட்டால் கூகுள் மேலேயே பதில் சொல்லிவிடுகிறது, உள்ளே வராமலே போய்விடுகிறார்கள். ஆனால் இந்த டிசைன் இந்த நிறத்தில் 400 கல், சித்திரைக்குள் வேண்டும் என்பதற்கு ஏஐ கல் ஊற்றித் தராது. உங்களிடம்தான் வர வேண்டும். அதனால் பொதுவான பக்கங்களைக் குறைத்து, உங்களிடம் மட்டும் இருக்கும் விவரங்களைக் கூட்டுகிறேன்.

காசு விஷயம்: வேலையை மூன்றாகப் பிரித்து வாங்குவேன். நோட்டு எழுதி, என்னென்ன பக்கம் என்று தாளில் காட்டியதும் ஒரு பங்கு. அந்தத் தாள் உங்களுடையது. பிடிக்கவில்லை என்றால் அதோடு நிறுத்தி வேறு ஆளிடம் கொடுக்கலாம். தளம் திறந்ததும் ஒரு பங்கு, மூன்று மாதம் கழித்து மீதி. அப்புறம் மாதச் சம்பளம் வேண்டுமா என்பது ஐந்தொகையைப் பார்த்துப் பேசிக்கொள்வது. ஒரு வருடத்துக்கு மேல் மாதச் சம்பளம் வாங்கிய இடம் எனக்கு இரண்டோ மூன்றோதான்.

இன்னொன்றையும் கேட்கிறேன், கோபித்துக்கொள்ளக் கூடாது. கல் ஊற்றத் தெரிந்த ஆள் உங்களிடம் எத்தனை பேர்? கையில் இருக்கும் ஆர்டர் எத்தனை மாதத்துக்கு? நாலு பேர்தான், மூன்று மாத வேலை ஏற்கெனவே காத்திருக்கிறது என்றால் இப்போது தளம் வேண்டாம். மேப்பை மட்டும் சரிசெய்யுங்கள், அதற்கு நான்கூட வேண்டாம், மகளே ஒரு சாயங்காலத்தில் செய்துவிடுவாள். வருகிற போனுக்கெல்லாம் இல்லை, இல்லை என்று சொல்வதற்காக 45,000 செலவழித்து இன்னும் போனை வரவழைப்பானேன்?

ஆள் இருக்கிறார்கள், மழைக்காலத்தில் வேலை படுத்துவிடுகிறது என்றால் பேசலாம். அதற்கு முன் ஒரு வாரம், வருகிற போனில் என்ன கேட்டார்கள், எந்த ஊர் என்று மகளை நோட்டில் எழுதச் சொல்லுங்கள். அவர்கள் சொன்ன அதே வார்த்தையில் எழுத வேண்டும், திருத்தக் கூடாது.